பிள்ளைகள் எல்லோரும் ‘சுறுசுறுப்பு’தானா?

பத்திரிகை ஆசிரியருக்கு வணக்கம்.

என் பேத்தி இங்கே சிங்கப்பூரில் பாலர்பள்ளியில் படிக்கிறாள். போன தவணை முடிவில் வந்த அறிக்கையில், தமிழ்ப் பகுதியில் ஒரே ஒரு வரி: ‘சுறுசுறுப்பான மாணவி’. பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் பார்த்தால் எதிர்வீட்டுப் பையனுக்கும் அதே வரி. அவன் ஒரு மூலையில் உட்கார்ந்து, எறும்பு மாதிரி சத்தமே இல்லாமல் கொடுத்த வேலையை முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று நிமிர்ந்து பார்க்கிற பிள்ளை, அவனுக்கு அந்தச் சொல் அளவெடுத்துத் தைத்த சட்டை. என் பேத்தி அப்படியில்லை. ஓரிடத்தில் நிற்கமாட்டாள், கண் நாலா பக்கமும் ஓடும், கை எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கும், கொடுத்த வேலையை முடித்தாளா என்றால் பாதிதான். அவள் துறுதுறு. சுறுசுறுப்பு வேலையில் தெரியும், துறுதுறுப்புக்கு வேலையே வேண்டாம், சும்மா இருக்கும்போதும் தெரியும். இரண்டும் இரட்டைக்கிளவி, ஓசையும் கிட்டத்தட்ட ஒன்று, ஆனாலும் நம் பாட்டிமார் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைத் தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போவேன். போன வாரம் நண்டுக் கூடைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். கயிறு போட்டுக் கட்டியிருந்த நண்டு காலை அசைக்க அசைக்க இவளும் விரலை நீட்டி நீட்டி இழுக்கிறாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “என்னம்மா, பேத்தி அறுந்த வாலு போலிருக்கே!” என்றார். எனக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடித்தது. பல்லியின் வால் அறுந்து விழுந்த பிறகும் தரையில் கிடந்து துடிதுடிக்குமே, வீட்டுச் சுவரில் பல்லி ஓடுகிற ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டே சொல்லில் பேத்தியைப் படம் பிடித்துவிட்டார். அதே சந்தையில் காய்கறிக்கார அம்மா தண்டுக்கீரைக் கட்டைத் தூக்கிக் காட்டி “தளதளன்னு இருக்கு, எடுத்துக்கோங்க” என்கிறார். கீரைக்கு இருக்கிற உயிர்ப்புக்குக்கூட நம்மிடம் தனிச்சொல் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் ஒரே சொல்லை முத்திரை மாதிரி குத்திக்கொண்டே போகிறோம்?

ஆசிரியர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. வீட்டிலேயே நாம் ‘ஆக்டிவ்வா இருக்கா’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ‘ஆக்டிவ்’ வந்த இடத்தில் சுட்டி, துடுக்கு, சேட்டை, வாலு எல்லாம் வெளியே போய்விட்டன. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாழ்ப்பாண வழிவந்த ஒரு அக்கா இருக்கிறார், அவர் வீட்டில் இன்னமும் ‘குழப்படி’தான். “குழப்படி செய்யாதை” என்று அவர் சொல்லும்போது கண்டிப்பும் செல்லமும் சரிபாதியாக வரும். சேட்டை என்று சொன்னால் அந்தப் பாதிச் செல்லம் கொஞ்சம் குறைந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு விஷயம் எனக்கு மனதில் உறுத்துகிறது. பையன் நிறையப் பேசினால் சுட்டி, பொண்ணு பேசினால் வாயாடி. அவன் எதிர்த்துக் கேட்டால் துடிப்பான பையன், அவள் கேட்டால் துடுக்கு, அடங்காப்பிடாரி. என்னைச் சின்ன வயதில் வாயாடி என்றார்கள், ரொம்ப நாள் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டேன். சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்கிற நானே சொல்கிறேன், பெண்பிள்ளைகளுக்கும் சுட்டி என்றே சொல்லிப் பழகுவோம்.

துடிப்பு என்றதும் இன்னொன்று. நம் வட்டாரங்களில் பெரியவர்களுக்கான அறிவிப்புகளில் ‘துடிப்பாக மூப்படைதல்’ என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சொல்லை யார் தேர்ந்தெடுத்தாரோ, அவருக்கு என் நன்றி. துடி என்பது உடுக்கை மாதிரி இடை சிறுத்த பழைய பறை. இதயத்துக்கும் துடிப்பு, வலித்தாலும் துடிக்கிறோம், சட்டென்று வரம் தருகிற சாமியை ஊர்ப்பக்கம் ‘துடியான சாமி’ என்பார்கள். ஆனால் கீழ்த்தளத்தில் காலையில் கைத்தடி இல்லாமல், வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு நடந்துபோகிற எங்கள் புளோக்கு எண்பது வயது தாத்தாவுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் மிடுக்கு. துடிப்பு உள்ளே இருப்பது, மிடுக்கு நடையில் இருப்பது. அவரிடமே ஒருநாள் சொன்னேன், “தாத்தா, உங்க நடை மிடுக்கா இருக்கு” என்று. மறுநாள் இன்னும் நிமிர்ந்து நடந்தார்!

பாட்டுக்குத் துள்ளல், கதைக்கு விறுவிறுப்பு, கூடிப் பேசுகிற வீட்டுக்குக் கலகலப்பு. யாப்பிலக்கணத்தில்கூடக் கலிப்பாவுக்குத் துள்ளல் ஓசை என்றுதான் பெயர். பொங்கலுக்கு முன்னால் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் கரும்பும் மஞ்சள்கொத்தும் பானையும் வந்து இறங்கியதும் தெரு ‘களைகட்டிவிட்டது’ என்கிறோம், வயலில் பிடுங்கி எறிய வேண்டிய களை வேறு, முகத்திலும் தெருவிலும் வந்தால் அழகாகிற களை வேறு. மாடுகளைக் கொண்டுவந்து கட்டிய ஒரு வருஷம், ஒரு கன்று கயிற்றை இழுத்துத் துள்ளியதைப் பார்த்துப் பேத்தியும் அங்கேயே துள்ளினாள். அந்த இடத்தில் சொல்லிக்கொடுத்த ‘துள்ளல்’ அவளுக்கு இன்றுவரை மறக்கவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு சொல் போடுங்கள். பொருள் மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள், அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான ஓர் ஆளையோ மாட்டையோ கீரைக்கட்டையோ காட்டி ஒரு சின்னப் பத்தி எழுதுங்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வரும்போது, யார் யார் வீட்டில் என்ன சொல் புழங்குகிறது என்று வாசகர்களிடமும் கேளுங்கள். என் வீட்டில் புழங்கும் பன்னிரண்டு சொற்களை ஒரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பதின்மூன்றாவதாகக் ‘குழப்படி’யையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அந்த அக்கா கேட்டுக்கொண்டார்.

அன்புடன்,
ஒரு பாட்டி,
உட்லண்ட்ஸ்