கணினிக் கையேடுகளைக் கரையானுக்கு விட்டுவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்த்தாண்டத்தில் முப்பது ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் தொழில் செய்து வருகிறேன். கடந்த ஆனி மாதம், மூடப்பட்டுவிட்ட ஓர் அச்சகத்தின் பழைய கணினி என்னிடம் வந்தது. 1990களில் அந்த அச்சகத்தில் கோத்த கோயில் திருவிழா மலர்களும் பள்ளி ஆண்டு மலர்களும் அதில் இருப்பதாகவும், எப்படியாவது மீட்டுத் தர வேண்டும் என்றும் உரிமையாளரின் மகன் கேட்டுக்கொண்டார். உள்ளிருந்த பேட்டரி தீர்ந்துபோனதால், தன்னிடம் இருப்பது எந்த ஹார்ட் டிஸ்க் என்பதையே அந்தக் கணினி மறந்திருந்தது. அது 20 மெகாபைட் கொண்ட சீகேட் எஸ்டி-225. முகம் தெரியாத ஒருவர் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியிருந்த கையேட்டில் 615 சிலிண்டர், 4 ஹெட், 17 செக்டார் என்று டிஸ்க்கின் உள்ளமைப்பைச் சொல்லும் விவரம் கிடைத்தது. அதற்குரிய வகை எண்ணைச் செட்டப் திரையில் கொடுத்ததும் டிஸ்க் வேலை செய்தது.

கோப்புகள் கிடைத்தன, ஆனால் படிக்க முடியவில்லை. தமிழ் மென்பொருள் இருந்த பகுதி கெட்டுப்போயிருந்தது. 1999இல் தமிழக அரசின் பொதுவான எழுத்துக் குறியீடுகளான டாம், டாப் அறிவிக்கப்படுவதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளுக்குத் தனக்கென ஒரு குறியீட்டை வைத்திருந்ததால், அந்த மென்பொருளின் கையேட்டில் இருந்த எழுத்து அட்டவணை இல்லாமல் கோப்பைத் திறந்தால் வெறும் குறிகளே தெரிகின்றன. அச்சகத்தை மூடியபோது அந்தக் கையேடு ஆக்கர் கடைக்கு எடைக்குப் போயிருந்தது. அச்சில் எஞ்சிய ஒரு மலரை அருகில் வைத்துக்கொண்டு, எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பொருத்தி வருகிறேன். ஐந்து வாரங்களில் பாதி அட்டவணைதான் ஆயிற்று. அமெரிக்க டிஸ்க்கின் கையேடு கிடைத்துவிட்டது, நம் எழுத்துக்கான கையேடு கிடைக்கவில்லை என்பதுதான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது.

வெளிநாடுகளில் இதை ஒரு கடமையாகவே செய்கிறார்கள். பிட்சேவர்ஸ் என்ற இணையத் தொகுப்பிலும், 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற மின்னூலகத்திலும் பழைய கணினிக் கையேடுகள் ஏராளமாக உள்ளன. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் தொழில்நுட்பக் கையேட்டில் மின்சுற்றுப் படங்களும், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரலும் முழுமையாக அச்சிடப்பட்டிருந்தன. அந்தக் கணினி எப்படி இயங்கியது என்பதை அதிலிருந்து இன்றும் ஒரு மாணவர் கற்கலாம். நம் நாட்டிலோ, 1984இல் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினிகளின் பயிற்சி ஏடுகள், கணினியில் இந்திய மொழி எழுத்துகளைக் காட்ட உதவிய, மத்திய அரசின் சிடாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டைக்கான கையேடுகள், உள்நாட்டு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களின் சுவிட்ச் விளக்கங்கள் ஆகியவை பள்ளி, அலுவலக அலமாரிகளில் எங்கேனும் கிடக்கக்கூடும். இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் அடைத்துவைத்த காகிதத்தில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளில் என்னென்ன காகிதங்கள் போயினவோ.

ஸ்கேன் செய்பவர்கள் அருள்கூர்ந்து அவசரப்பட வேண்டாம். கைப்பேசியில் சாய்வாக எடுத்த படத்தில் மின்சுற்றின் மெல்லிய கோடுகள் மறைந்துவிடும். எழுத்துப் பக்கங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தி போதும். மடித்து வைத்த சுற்றுப்படங்களுக்கு 600 வேண்டும். அட்டை, பதிப்பு எண், ஓரங்களில் யாரோ பேனாவால் எழுதிய திருத்தங்கள் ஆகியவற்றையும் விடக்கூடாது. பல நேரங்களில் அந்தத் திருத்தமே சரியான விடையாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

பதிப்புரிமை குறித்த தயக்கம் நியாயமானது. ஆனால் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள அச்சுப் பிரதியைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமிக்கலாம். எனவே பாதுகாக்கும் பணியை நாளையே தொடங்கத் தடையில்லை. பொதுவில் பகிர உரிமையாளரின் அனுமதி வேண்டும். இன்றும் இயங்கும் நிறுவனங்கள் விற்பனையை நிறுத்திவிட்ட பொருள்களின் கையேடுகளுக்கு அந்த அனுமதியை எழுத்துப்பூர்வமாக அளிக்க வேண்டும்.

நாகர்கோவில் மாவட்ட மைய நூலகம் இத்தகைய கையேடுகளைப் பொதுமக்களிடமிருந்து நன்கொடையாகப் பெற்றுக்கொள்ளவும், தமிழ் இணையக் கல்விக்கழகம் தனது மின்னூலகத்தில் இவற்றுக்குத் தனிப்பிரிவு ஒதுக்கவும் வேண்டுகிறேன். என் கடையில் இரண்டு அலமாரி நிறையக் கையேடுகள் உள்ளன. நூலகம் ஏற்றுக்கொள்ளுமானால் அனைத்தையும் நானே கொண்டுவந்து ஒப்படைப்பேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.