இசைத்தட்டில் இல்லாத பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இசைத்தட்டுகளுக்கு மீண்டும் மவுசு கூடியிருப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். எந்தத் தட்டு என்ன விலைக்குப் போகிறது, எந்தப் பாடகரின் தட்டுகளை இளைஞர்கள் தேடி வாங்குகிறார்கள் என்பதையெல்லாம் கட்டுரையாளர் விரிவாக எழுதியிருந்தார். ஆனால் அந்தத் தட்டுகளில் வாத்தியம் வாசித்தவர்கள் யார் என்ற கேள்வி கட்டுரையில் எழவே இல்லை. அதற்கு விடை காண இன்னமும் வழியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என்னிடம் 1960-களின் பிற்பகுதியில் வெளிவந்து, அதிகம் ஓடாமல் போன ஒரு தமிழ்ப் படத்தின் 45 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 45 முறை சுழலும்) இசைத்தட்டு இருக்கிறது. ஏழு அங்குலத் தட்டு. பக்கத்துக்கு இரண்டு பாடல்கள். நடுவிலுள்ள லேபிளில் படத்தின் பெயர், பாடலின் முதல் அடி, பாடியவர்கள், பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகிய விவரங்கள் உள்ளன, அதோடு சரி. முதல் பாடலின் இரண்டாவது இடையிசையில் ஓர் அக்கார்டியன் மெட்டைத் தனியாக எடுத்துச் சென்று புல்லாங்குழலிடம் ஒப்படைக்கிறது. நல்ல ஒலிபெருக்கியில் கேட்டால், அக்கார்டியனின் துருத்தி விரியும்போது எழும் காற்றொலியும், அடுத்த இசைத்தொடருக்கு முன் குழல் வாசிப்பவர் மூச்சை இழுப்பதும் தெளிவாகக் காதில் விழுகின்றன. இருவரும் மைக்குக்கு மிக அருகில் அமர்ந்திருக்க வேண்டும். அக்காலத்தில் பாடகர்களும் வாத்தியக் குழுவினரும் ஒரே கூடத்தில் ஒன்றாக அமர்ந்து, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். யாராவது ஒருவர் ஓரிடத்தில் பிசகினாலும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் இத்தனை நிதானமாக வாசித்த அந்த இருவரின் பெயரும் தட்டிலும் இல்லை, உறையிலும் இல்லை.

இது ஒரு தட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் இருந்த ஒலிப்பதிவுக் கூடங்களில் பல்லாண்டுக் காலம் தினமும் இரண்டு வேளை வாசித்தவர்கள் பெரும்பாலும் இப்படிப் பெயரின்றியே மறைந்தார்கள். இசையமைப்பாளர்களாகப் புகழ் பெற்றவர்கள் மட்டும் விதிவிலக்கு. இளையராஜா தம் முதல் படமான 'அன்னக்கிளி' 1976-இல் வெளிவருவதற்கு முன், இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்ததும், சலீல் சௌத்ரிக்குக் கிதார் வாசித்ததும் அனைவரும் அறிந்தவை. எம்.எஸ்.விஸ்வநாதனிடம் வயலின் வாசித்த சாமுவேல் ஜோசப்தான் பிற்காலத்தில் ஷ்யாம் என்ற பெயரில் மலையாளத் திரையுலகில் கொடிகட்டிப் பறந்தார். ஏ.ஆர்.ரகுமான் சிறுவயதிலேயே பல இசையமைப்பாளர்களின் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். இவர்கள் பின்னாளில் பெயர் பெற்றதால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. இவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து அதே திறமையுடன் வாசித்து, கடைசிவரை வாத்தியக் கலைஞராகவே இருந்தவரைப் பற்றி என்ன தெரியும்? அவர்களில் கர்நாடக இசை பயின்ற வயலின் வித்வான்களும் இருந்தார்கள். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர்களும், தேவாலயப் பாடகர் குழுவில் தொடங்கியவர்களும், ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தினரும் இருந்தார்கள். ஆங்கிலோ-இந்தியர்கள் பலர் பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்துவிட்டதால், ஒரு டிரம்ஸ் கலைஞரைத் தேடத் தொடங்கினால் அது பெரம்பூரில் தொடங்கி மெல்போர்னில் போய் முடியக்கூடும்.

தேடுவதற்கான தடயங்கள் உண்டு. படத்தின் பிரதி கிடைத்தால் முதலில் டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். இசை உதவியாளர்களின் பெயர்களை அக்காலப் படங்கள் பல போட்டன, ஆர்.கோவர்த்தனம், ஜி.எஸ்.மணி, ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா ஆகியோர் எம்.எஸ்.வி.யிடம் பணியாற்றியது அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. அதே டைட்டிலில் பாடல் ஒலிப்பதிவாளரின் பெயரும் ஸ்டுடியோவின் பெயரும் வரும். ஸ்டுடியோ தெரிந்துவிட்டால், அங்கே எந்தெந்தக் குழுவினர் வழக்கமாக வாசித்தார்கள் என்று மூத்த கலைஞர்களிடம் விசாரிக்கலாம். தட்டின் பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் இடைவெளியில் பொறித்திருக்கும் எண், கம்பெனியின் பதிவேட்டில் இந்தத் தட்டு எந்தத் தட்டுகளுக்கு இடையில் வருகிறது என்பதைக் காட்டும். அதை வைத்து வெளியான மாதத்தைக் கிட்டத்தட்டக் கணித்துவிடலாம். பாட்டுப் புத்தகத்தின் பின் அட்டையையும் விட்டுவிடக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட நம்பத்தக்க தடயம் காதுதான். அனுபவமுள்ள ஒரு வயலின் கலைஞர், கமகத்தின் இழுப்பைக் கேட்ட மாத்திரத்தில் முன் வரிசையில் இருந்தவர் இன்னார் என்று சொல்லிவிடுவார். அக்கார்டியன் போன்ற வாத்தியங்களை ஊரில் ஒரு சிலர்தான் வாசித்தார்கள் என்பதால் அங்கே குழப்பத்துக்கு இடம் இன்னும் குறைவு. அந்தக் காதுகளுக்குச் சொந்தக்காரர்கள் இப்போது எண்பது வயதைத் தாண்டியவர்கள் என்பதே என் கவலையெல்லாம்.

பிற நாடுகளில் இவ்வேலை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் சங்க விதிப்படி நடந்த ஒலிப்பதிவுகளுக்கு இசைக் கலைஞர் சங்கத்தின் படிவம் நிரப்பப்பட்டதால், நாள், ஸ்டுடியோ, பாடல், வாசித்தவர், ஊதியம் ஆகிய அனைத்தையும் ஆய்வாளர்கள் இன்று எடுத்துப் பார்க்க முடிகிறது. டெட்ராயிட்டின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம்கூடத் தன் வாத்தியக் குழுவினரின் பெயர்களை 1971-இல் வெளிவந்த பாடகர் மார்வின் கே-யின் இசைத்தட்டில்தான் முதன்முதலாக அச்சிட்டது. அதற்குள் அவர்கள் வாசித்த எத்தனையோ பாடல்கள் உலகமெங்கும் ஒலித்துவிட்டன. நம்மவர் தொடர்புடைய உதாரணமும் உண்டு. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1967-இல் லண்டனில் பதிவு செய்த ஒரு பாடலுக்குத் தில்ரூபா, தம்புரா, தபலா வாசித்த இந்தியக் கலைஞர்களின் பெயர்கள் உறையில் இடம்பெறவில்லை. அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர், புத்ததேவ் கன்சாரா, நட்வர் சோனி ஆகிய அந்த நால்வருக்கும் உரிய அங்கீகாரம் கிடைக்க ஐம்பதாண்டுகள் ஆயின. உலகமே கொண்டாடிய ஒரு தட்டுக்கே இந்த நிலை என்றால், ஓடாத படத்தின் தட்டை யார் தேடப் போகிறார்கள் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

சென்னையிலும் இதற்கு அடித்தளம் இருக்கிறது. இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் முன்னின்று திரையிசைக் கலைஞர்களைத் தொழிற்சங்கமாகத் திரட்டியதால் அவர்களின் ஊதியத்துக்கு ஒரு முறைமை வந்தது; முறைமை இருந்த இடத்தில் கணக்கும் இருந்திருக்கும். பழைய கணக்கேடுகளும் வருகைப் பதிவேடுகளும் சங்கத்தின் அலமாரியிலோ, தயாரிப்பு நிறுவனங்களின் கிடங்கிலோ, மேலாளராக இருந்தவர் ஒருவரின் வீட்டுப் பரணிலோ இருந்தால், அவற்றை எடைக்குப் போடுவதற்கு முன் படியெடுத்து வைக்க வேண்டும். பழந்தமிழ் அச்சு நூல்களையும் பாட்டுப் புத்தகங்களையும் பாதுகாத்துவரும் தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற அமைப்புகள் இதற்குத் துணை நிற்க முடியும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு தட்டின் லேபிளைப் படமெடுத்து வெளியிட்டு, அதில் வாசித்தவர்களையோ அவர்களின் குடும்பத்தினரையோ அறிந்தவர்கள் எழுதலாம் என்று அறிவியுங்கள். தாத்தாவின் வயலின் பெட்டிக்குள் கால்ஷீட் நேரத்தைக் குறித்துவைத்த டைரி ஒன்று கிடக்கிறது என்று எழுத, தங்கள் வாசகர்களிலேயே யாராவது இருப்பார்கள். முதல் வாரத்துக்கு என்னிடமுள்ள தட்டைக் கொடுத்துதவத் தயாராக இருக்கிறேன். தட்டின் இரு பக்க லேபிள்களையும், உறையையும், பொறித்த எண்ணையும் படமெடுத்து இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
இசைத்தட்டுச் சேகரிப்பாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி