தாத்தாவின் இரண்டு சாவி வாட்ச்

ஹட்டன்,
செவ்வாய் இரவு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம் போல. மழை விட்டபாடில்லை. டயல் வைக்கிற டப்பாவுக்குள் அரிசி போட்டு வைத்தும் ஈரம் ஏறுகிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ "பிறகு பேசுறேன் அப்பா" என்று சொல்லிவிடுகிறாயே.

போன ஞாயிறு அம்மாவோடு வீடியோவில் பேசினாய் அல்லவா, நான் பின்னால் நின்றேன். உன் இடது கையில் வாட்ச் இல்லை. கட்டுகிற இடம் மட்டும் வெளுத்திருந்தது. பத்து வாட்ச் வைத்திருக்கிறவன், சவரம் செய்யும்போதும் கழற்றாதவன். உனக்கு உன் காரணம் இருக்கும், நான் கேட்கவில்லை.

பழைய வாட்ச் வாங்கினாலும் விற்றாலும் ஒன்றுதான். முதலில் பாலீஷ் போட்டதா என்று பார். பட்டி மாட்டுகிற காதுகளில் வெட்டிய ஓரம் கூராக இருக்க வேண்டும். பஃப் மோட்டாரில் பிடித்துவிட்டால் பாதி கரைந்த சவர்க்காரம் மாதிரி மழுங்கிப் போகும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கீறல் இருந்தால் இருக்கட்டும். பிளாஸ்டிக் கிளாஸ் கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம், கேஸ் அப்படி இல்லை. பாலீஷ் போட்டதைக் காசு கொடுத்து வாங்காதே.

அப்புறம் முள்ளும் டயலும். இரண்டிலும் இருட்டில் மின்னுகிற பூச்சு ஒரே மாதிரி பழுத்திருக்க வேண்டும். டயல் பழுப்பு, முள் வெள்ளை என்றால் ஒன்று மாறியிருக்கிறது. இருட்டில் மின்னுகிற எதையும் நாம் ரேடியம் என்போம், சைக்கிளில் ஒட்டுகிற ஸ்டிக்கரைக்கூட. பழைய வாட்சில் அது உண்மையிலேயே ரேடியம். அறுபதுகளில்தான் ட்ரிட்டியத்துக்கு மாறினார்கள். ஆறு மணிக்குக் கீழே 'சுவிஸ்' என்பதற்குப் பக்கத்தில் 'டி' எழுத்து இருந்தால் ட்ரிட்டியம். அது 12 வருடத்தில் பாதியாகிவிடும். ரேடியம் பாதியாக 1600 வருடம் வேண்டும், ஆனால் அதோடு கலந்த மின்னுகிற மாவு எப்போதோ எரிந்து முடிந்திருக்கும். ஆகவே 1960இல் செய்தது இன்றைக்கு இரவெல்லாம் எரிந்தால் யாரோ பூசியிருக்கிறான். கடலுக்குச் செய்தது என்று அதைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கவும் வேண்டாம். உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் காய்ந்து போயிருக்கும்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். பத்து வயதில் பின்மூடி திறந்தவன், கை என்னுடையதைவிட நிதானம். ஆனால் கடையில் உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. ஒரு வாட்சுக்கு மூன்று மாதச் சம்பளம் கொடுத்தேன் என்று நீ சொன்ன அன்று அம்மா சாப்பிடவில்லை. கொட்டகலை மாமா கதை மாதிரி ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். பாலீஷ் போட்டதை மட்டும் வாங்காதே.

ஓரத்தில் திருகுகிற சாவி இரண்டு வைத்த தாத்தாவின் வாட்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

1975இல் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது தோட்டத்துத் துரை கழற்றிக் கொடுத்தது. துரை அதைக் கட்டிக்கொண்டு திருகோணமலைக் கடலில் முக்குளிப்பாராம். தாத்தா அதைப் பார்த்து ஐந்து மணிக்கு பங்களாவில் தேத்தண்ணீர் வைத்தார். நீ விமானம் ஏறுகிற அன்று, "துரை கொடுத்தபடியே இருக்கிறது" என்று சொல்லி உன் கையில் கட்டினேன். அது பொய், மகன்.

தாத்தா செத்த வருடம் சின்ன அத்தை கல்யாணத்துக்குக் கட்டிப்போக அதைப் பளபளப்பாக்கினேன். காதுகளை பஃபில் பிடித்தேன். டயலில் பழுத்திருந்த பூச்சை பிளேடால் சுரண்டி, வாயால் ஊதிவிட்டு, கடையில் இருந்த பச்சைப் பூச்சைப் பூசினேன். உனக்கு நான்கு வயது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பாணைத் தேத்தண்ணீரில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாய். அந்தத் தூசு மூச்சில் போகக் கூடாத தூசு என்று நீ வெளிநாடு போன பிறகுதான் எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் உன்னிடம் சொல்லவில்லை. நல்ல ரிப்பேர்க்காரன் என்று பெயர் வாங்கியவன், வாய் வரவில்லை. இப்போதும் நீ இருமினால் அம்மாவிடம்தான் கேட்கிறேன்.

நான் தொடாதது பின்மூடியின் உள்பக்கம். கடலில் முக்குளிப்பவர்கள் போடுகிற தலைக்கவசத்தின் படம் ஒன்று அங்கே குத்தியிருக்கும். அது துரை கொடுத்தபடியேதான் இருக்கிறது.

அதை விற்கப்போகிறாய் என்றால் விற்றுக்கொள், தாத்தா கோபிக்க மாட்டார். ஆனால் பூசியது, பாலீஷ் போட்டது என்று சொல்லி விற்றுக்கொள். பூசியவன் என் அப்பன் என்றே சொல்லு. நீ ஏற்கெனவே திறந்து பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாயோ என்றும் நினைக்கிறேன். இல்லை, வேறு விஷயமா?

அன்று கழற்றி மாற்றிய பழைய முட்கள் இரண்டையும் வீசவில்லை. மூடி இறுகிய பிஸ்கட் டின்னில், மேல் தட்டில் இருக்கின்றன. அவை தபாலில் போடுகிற சாமான் இல்லை, நீ வந்தால்தான் தர முடியும். டிக்கெட்டைப் பற்றி யோசிக்காதே. எனக்கு இந்த மாதம் சீட்டு விழுந்திருக்கிறது, அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

அப்பா