ஷாஃப்ட்டை அவரவர் டிராக்டரில் வைத்துத்தான் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறுவைக்குத் தண்ணீர் வருவதற்கு முன்பே எங்கள் மன்னார்குடிப் பக்கம், டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரின் வியாபாரம் சூடு பிடித்துவிடும். மானியம் இருப்பதால் சிறு விவசாயிகளும் துணிந்து வாங்குகிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் அதோடு வரும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டை, அதாவது டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. முனையிலிருந்து கருவிக்குச் சக்தியைக் கடத்தும் தண்டை மட்டும் யாரும் அளந்து பார்ப்பதில்லை. டிராக்டர் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் இதைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு ரோட்டவேட்டர் எந்த டிராக்டரில் மாட்டப்படும் என்று அதைத் தயாரிக்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் ஷாஃப்ட் பெரும்பாலும் கொஞ்சம் நீளமாகவே வரும். டிராக்டருக்கு ஏற்ப அறுத்துக்கொள்ளச் சொல்லிக் கையேட்டிலும் இருக்கும். அந்தக் கையேடு உறை பிரிக்காமல் பரணில் கிடக்கும். விற்பவர் கருவியை இறக்கி, மாட்டி, களத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ஷாஃப்ட் என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஓடும் இரண்டு குழாய்கள். வரப்போரம் ரோட்டவேட்டரைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் டிராக்டருக்கும் கருவிக்கும் இடையிலான தூரம் மாறிக்கொண்டே இருக்கும். ஷாஃப்ட் நீளமாக இருந்தால் உள்குழாய் போய் முட்டும். முட்டியபின் ஹைட்ராலிக்கின் பலம் முழுவதும் பி.டி.ஓ. பேரிங்கின் மேலும் ரோட்டவேட்டர் கியர்பாக்ஸின் மேலும் இறங்கும். ‘பின்னாடி ஆயில் கசியுது’ என்று ஒரு டிராக்டர் வந்தால் நான் முதலில் ஷாஃப்ட்டைத்தான் உருவிப் பார்ப்பேன். உள்குழாயின் முனை நசுங்கிப் பளபளவென்று தேய்ந்திருந்தால் ஆயில் சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை. அடுத்த உழவிலேயே மறுபடி கசியும்.

குட்டையாக இருப்பது இதைவிட மோசம். போன சம்பாவில் ஒருவர் கிராஸ் (ஷாஃப்ட் முனையில் மடங்கிச் சுழல உதவும் சிலுவை மூட்டு) சத்தம் போடுகிறது என்று ஷாஃப்ட்டைக் கொண்டுவந்தார். அண்ணனிடம் 35 ஹெச்.பி. டிராக்டர், இவரிடம் 50 ஹெச்.பி., இரண்டு வீட்டுக்கும் ரோட்டவேட்டர் ஒன்றுதான். அண்ணன் டிராக்டருக்கு அறுத்த ஷாஃப்ட்டையே இவரும் மாட்டி ஓட்டியிருக்கிறார். கிரீஸ் தடத்தைப் பார்த்தால் இரண்டு குழாயும் நான்கு விரற்கடை அளவுகூட ஒன்றுக்குள் ஒன்று இல்லை. “இது ஓடும்போது கழன்றால் என்ன ஆகும் தம்பி?” என்று கேட்டேன். “இத்தனை நாள் ஓடிச்சேண்ணே” என்றார். கழன்றால் டிராக்டர் பக்கம் நிற்கும் பாதி, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் நிமிடத்துக்கு 540 சுற்றில் தாறுமாறாக அடிக்கும். அதை எந்தத் தகரமும் தாங்காது.

அளப்பது கஷ்டமான வேலை இல்லை. கருவியை டிராக்டரில் பொருத்திவிட்டு ஷாஃப்ட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை பி.டி.ஓ.விலும் மறு பாதியைக் கருவியிலும் மாட்ட வேண்டும். இரண்டு முனையும் நேர்மட்டத்துக்கு வரும்வரை கருவியைத் தூக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் தூரம் மிகக் குறைவு. அப்புறம் இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கருவிக்கு அடியில் கனமான மரக்கட்டை முட்டுக் கொடுத்தபிறகுதான் உள்ளே கை நீட்ட வேண்டும். இரண்டு பாதியையும் பக்கம் பக்கமாகப் பிடித்து, முட்டாமல் இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கும்படி கோடு போட வேண்டும். உள்குழாயில் எவ்வளவு அறுக்கிறோமோ அதே அளவு வெளிக்குழாயிலும் அறுக்க வேண்டும், மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறைகளிலும் அறுக்க வேண்டும். பிசிறை அரம் போட்டு எடுத்துவிட்டுக் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். பிறகு கருவியை முழுக்க இறக்கியும் தூக்கியும் பார்க்க வேண்டும். அதிகமாக நீளும் இடத்திலும் குழாயின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் நீளமான ஷாஃப்ட் வாங்குவதுதான் வழி. துண்டு வைத்து வெல்டிங் அடித்துத் தரச் சொல்லி என்னிடமும் கேட்கிறார்கள், நான் செய்வதில்லை. நீளம் சரியாக இருந்தாலும், வரப்பில் திரும்பக் கருவியைத் தூக்கும்போது பி.டி.ஓ.வை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கோணம் கூடி கிராஸ் உடையும்.

நீளத்தோடு தடிமனையும் பார்க்க வேண்டும். 40 ஹெச்.பி. சக்தியை 540 சுற்றில் கடத்தினால் ஷாஃப்ட்டின் மேல் விழும் முறுக்கு விசை ஏறத்தாழ 525 நியூட்டன் மீட்டர். அதே சக்தியை 1000 சுற்றில் கடத்தினால் சுமார் 285தான். நம் ரோட்டவேட்டர்கள் பெரும்பாலும் 540இல் ஓடுபவை, ஷாஃப்ட்டுக்குச் சுமை கூடுதல். டிராக்டரின் சக்தி கூடினால் இந்த விசையும் கூடும். சின்ன டிராக்டரின் ஷாஃப்ட்டைப் பெரிய டிராக்டரில் மாட்டக் கூடாது என்பது இதனால்தான். ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறது என்று கடினமான போல்ட்டைப் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். கல்லோ வேரோ சிக்கும்போது அந்தச் சின்ன போல்ட் உடைந்துதான் கியர்பாக்ஸைக் காப்பாற்றுகிறது. அது உடையவில்லை என்றால் வேறொன்று உடையும்.

உறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஷாஃப்ட்டை மட்டும் அறுத்துவிட்டு, உறை இடிக்கிறது என்று கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. கிராஸ் பக்கம் 10 சென்டிமீட்டர் விட்டம் இருந்தால் நொடிக்கு இரண்டே முக்கால் மீட்டர் துணியை அது இழுக்கும். நாலு முழ வேட்டி சுற்றிக்கொள்ள ஒரு நொடிகூட ஆகாது. தலைத்துண்டும் சேலை முந்தானையும் அப்படித்தான். டிராக்டர் பக்கத்தில் கைலியோடு நின்று பேசும் வழக்கம் நம் ஊரில் உண்டு என்பதால் இதைப் பயத்தோடு சொல்கிறேன்.

வேளாண்மைப் பொறியியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். மானியக் கருவிகளை ஆய்வு செய்யும்போது, வாங்கியவரின் டிராக்டரிலேயே ஷாஃப்ட் அளந்து அறுக்கப்பட்டிருக்கிறதா, உறை இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைப் படிவத்தில் சேருங்கள். விற்பவர்களும் அளந்து கொடுப்பதை விற்பனையின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளட்டும், அரை மணி நேர வேலைதான். உங்கள் பத்திரிகையின் விவசாயப் பக்கத்தில் அளக்கும் முறையைப் படம் போட்டு வெளியிட்டால், அதை வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்பாக வந்தால் உழவு தொடங்கும் முன் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
டிராக்டர் மெக்கானிக்,
மன்னார்குடி