மில் தொழிலாளி தீவிரவாதியா?

ஆசிரியருக்கு,

வணக்கம். மும்பை மில் வேலைநிறுத்தம் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில், தத்தா சாமந்த் வழிநடத்திய சங்கம் 'தீவிரவாதத் தொழிற்சங்கம்' என்று அச்சாகியிருக்கிறது. ஆங்கிலத்தில் 'மிலிட்டன்சி' என்று வரும் இடத்திலெல்லாம் 'தீவிரவாதம்' என்று போட்டுவிடும் பழக்கத்தின் விளைவு இது.

1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய அந்த வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் ஈடுபட்டார்கள். கூலியும் போனஸும் மட்டும் அவர்கள் கேட்கவில்லை. தாங்கள் நம்பாத ஒரு சங்கத்தையே தங்கள் பிரதிநிதியாக்கிய, 1946ஆம் ஆண்டின் பம்பாய் தொழிலுறவுச் சட்டத்தை நீக்கவும் கேட்டார்கள். எளிதில் பணியாத இந்த உறுதியைத்தான் ஆங்கிலத்தில் மிலிட்டன்சி என்கிறார்கள். தமிழ்த் தொழிற்சங்க மேடைகளில் 'போர்க்குணம்' என்ற சொல் நெடுங்காலமாக இருக்கிறதே!

1907இல் சூரத்தில் காங்கிரஸ் பிளவுபட்டதைச் சொல்லும்போது திலகரையும் வ.உ.சி.யையும் 'தீவிரவாதிகள்' என்று எழுதும் வழக்கம் உண்டு. எதிரணியில் மிதவாதிகள் இருந்ததால் அங்கே பொருள் தெளிவு. மறு ஆண்டு திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விழுந்தபோது, ஆறு நாள் வேலையை நிறுத்தியவர்களும் இதே நகரத்தின் மில் தொழிலாளர்கள்தான். ஆனால் இன்றைய வாசகர் 'தீவிரவாதி' என்ற சொல்லைத் துப்பாக்கியோடு சேர்த்தே படிக்கிறார்.

மொழிபெயர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது ஆயுதம் உண்டா என்பதை. இல்லையென்றால் 'தீவிரவாதம்' வேண்டவே வேண்டாம். உண்டென்றால், அந்தச் சொல் யாருடையது என்று பார்க்க வேண்டும். காஷ்மீரில் நடந்த ஒரே மோதலுக்குச் செய்தி நிறுவனம் 'மிலிட்டன்ட்' என்றும் ராணுவ அறிக்கை 'டெரரிஸ்ட்' என்றும் எழுதுவதுண்டு. முன்னதற்கு 'ஆயுதமேந்திய தீவிரவாதிகள்' பொருந்தும். பின்னதை 'பயங்கரவாதிகள் என ராணுவம் தெரிவித்தது' என்று சொன்னவர் பெயரோடு தர வேண்டும். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு 'பயங்கரவாதச் செயல்' எது என்று வரையறுக்கிறது. 'மிலிட்டன்ட்' என்பதற்கு அதில் வரையறை இல்லை. வழக்கு முடியாதவரை 'குற்றம்சாட்டப்பட்டவர்' என்பதே சரி. பெரும்பாலும் பிழை நுழைவது தலைப்பில். இடம் போதாமல் 'என ராணுவம் தெரிவித்தது' வெட்டுப்பட, குற்றச்சாட்டு தீர்ப்பாகிவிடுகிறது.

கட்டுரைக்கு அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். இணையப் பதிப்பிலும் மாற்றுங்கள். பள்ளிப் பிள்ளைகள் அங்கிருந்துதான் எடுத்து எழுதுகிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
தாராவி, மும்பை