குடியாத்தத்துக் காட்டன் சீட்டும் செவ்வாய்க்கிழமை ஆப்ஷனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குச் சந்தை சூதாட்டமா என்று சென்ற இதழில் வந்த விவாதத்தைப் படித்தேன். ஒருவர் ஆமாம் என்கிறார், மற்றவர் இல்லவே இல்லை என்கிறார். இரண்டு பேரும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு வெவ்வேறு காரியங்களைப் பற்றிப் பேசுவதாக எனக்குப் பட்டது. நான் குடியாத்தத்தில் அஞ்சலகச் சிறுசேமிப்பு கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவன். பங்குச் சந்தையில் ஆப்ஷன் ஆடும் பழக்கத்தால் அடிபட்ட ஒரு பையனுக்குத் தாய்மாமன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ‘காட்டன்’ என்றால் யாருக்கும் பருத்தி ஞாபகம் வராது. துண்டுச் சீட்டில் நம்பர் எழுதி வாங்கும் சூதாட்டம்தான் ஞாபகம் வரும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று காட்டன் எழுதியவர் கைது என்ற செய்தி பேப்பரில் வந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. நியூயார்க் பருத்திச் சந்தையின் விலை பம்பாய்க்குத் தந்தி வழியாக வரும். தொடக்க விலை என்ன, முடிவு விலை என்ன என்று ஊகித்துப் பம்பாயில் பணம் கட்டினார்கள். 1960களில் அந்த விலை வருவது நின்றதும் பானைக்குள் சீட்டுப் போட்டு எடுத்தார்கள், மட்கா என்ற பானைச் சூதாட்டம் வந்தது. பருத்தி போய்விட்டது, பெயர் மட்டும் நம் ஊர் டீக்கடை வரை வந்து நிற்கிறது.

நியூயார்க்கில் பருத்தி மூட்டையை வாங்கி விற்றவர் செய்தது வியாபாரம். அதே விலையின் மேல் பம்பாயில் பணம் கட்டியவர் ஆடியது சூது. இரண்டு பேர் பார்த்ததும் ஒரே விலைதான். அவர் கையில் சரக்கு இருந்தது, இவர் கையில் சீட்டு இருந்தது. பங்குச் சந்தையையும் நான் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

என்னிடமும் கொஞ்சம் பங்குகள் இருக்கின்றன. பல வருடம் முன்பு வாங்கியவை. வருடா வருடம் டிவிடெண்ட் வருகிறது. ஒரு கம்பெனிப் பங்கு பாதி விலைக்கு இறங்கிவிட்டது, வருத்தம்தான். ஆனால் நிலம் வாங்கி விலை இறங்கினால் அதைச் சூது என்று யாரும் சொல்வதில்லை. பேரணாம்பட்டில் தோல் வியாபாரம் செய்யும் என் நண்பர் இஸ்லாமிய மார்க்கம் பார்த்துத்தான் காசு போடுவார். “பங்குன்னா கூட்டு வியாபாரம், அது ஆகும். கையில இல்லாத சரக்க விக்கிறதுதான் ஆகாது” என்பார். எத்தனையோ நிபுணர்களின் விளக்கத்தைவிட எனக்கு அது தெளிவாக இருக்கிறது.

முன்பேர ஒப்பந்தம் எல்லாமே கெட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்கிறவருக்கு மூன்று மாதம் கழித்து டாலர் வர வேண்டியிருக்கிறது. ரூபாய் மதிப்பு மாறி நஷ்டம் வரக் கூடாதென்று இன்றே வங்கியில் விலையைப் பேசி முடித்துவிடுகிறார். அவருக்கு அது குடை. வர வேண்டிய டாலர் ஒன்றுகூட இல்லாதவன் அதே காரியத்தைச் செய்தால் அது பந்தயம்.

இனி என் அக்கா மகன் விஷயம். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை, மாதம் 19,000 ரூபாய் சம்பளம். போன தீபாவளி முடிந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தான். நான் போனபோது செல்போனை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். நிஃப்டி என்பது ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைச் சேர்த்துக் காட்டும் குறியீடு. அது ஏறுமா இறங்குமா என்று ஊகித்து விலை கொடுத்து வாங்குவதுதான் ஆப்ஷன். வார ஆப்ஷனுக்கு அன்று எக்ஸ்பயரி, அதாவது கடைசி நாள். ஏறும் என்று கட்டும் கால் ஆப்ஷன் ஒன்றை 38 ரூபாய்க்கு 4 லாட் வாங்கியிருந்தான். லாட் என்பது ஒரு கட்டு, அப்போது கட்டுக்கு 75, ஆக 11,400 ரூபாய். இரண்டு மணிக்கு 21. இரண்டரைக்கு 9. “ஏறும் மாமா, கடைசி அரை மணியிலதான் ஏறும்” என்றான். அக்கா பக்கத்திலேயே முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி இலையைப் பார்ப்பாள். மூன்றேகாலுக்கு அது 5 பைசா. 11,400 ரூபாய்க்கு மிச்சம் 15 ரூபாய். இந்த ஆட்டத்துக்கு இதை ஆடுகிறவர்களுக்குள் ‘ஜீரோ டு ஹீரோ’ என்று பெயராம்.

“இதுக்கும் காட்டனுக்கும் இன்னாடா வித்தியாசம்?” என்றேன். “இன்னா மாமா நீ, இது லீகல்” என்றான்.

பதினான்கு மாதத்தில் போனது 3,40,000 ரூபாய். அதில் அக்காவின் நான்கு சவரன் செயின் அடக்கம். அவள் பெயரில் நானே திறந்துகொடுத்த ஆர்.டி. கணக்கும் அடக்கம்.

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ள முடியாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024 செப்டம்பரில் கணக்கு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ என்கிற முன்பேர, ஆப்ஷன் ஆட்டம் ஆடிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், ஆளுக்குச் சராசரி 2 லட்சம் ரூபாய். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம்தான். ஆடியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குமேல் வருட வருமானம் 5 லட்சத்துக்குக் கீழே. புரோக்கர் கமிஷன், கட்டணம், வரி என்று மட்டும் மூன்று வருடத்தில் சுமார் 50,000 கோடி கொடுத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் லாபம் எடுத்த பெரிய நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் அதில் 95 சதவீதத்துக்கும் மேல் தானாக வாங்கி விற்கும் கம்ப்யூட்டர் அல்காரிதம் மூலமாகவே எடுத்திருக்கிறார்கள். ஷூ கம்பெனி சாப்பாட்டு இடைவேளையில் செல்போனை எடுக்கும் பையன் அதற்கு எதிராகத்தான் உட்காருகிறான்.

‘லீகல்’ என்றானே, அது உண்மைதான். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. அங்கீகாரம் பெற்ற சந்தையில் நடக்கும், ஆப்ஷன் போன்ற டெரிவேட்டிவ் ஒப்பந்தம் செல்லும் என்று 1956ஆம் வருடப் பங்கு ஒப்பந்தச் சட்டத்தில் பிற்பாடு 18ஏ என்று தனிப் பிரிவு சேர்த்தார்கள். அப்படிச் சேர்க்க வேண்டியிருந்தது என்பதே யோசிக்க வைக்கிறது. தமிழ்நாட்டில் 2003ல் லாட்டரியை ஒழித்தோம், பிறகு ஆன்லைன் ரம்மிக்கும் தடைச் சட்டம் போட்டோம். வார ஆப்ஷனுக்குத் தடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை, ஏற்றுமதியாளரின் குடையையும் சேர்த்துப் பிடுங்க வேண்டாம். ஆனால் செயலியைத் திறந்ததும் ‘பத்தில் ஒன்பது பேருக்கு நஷ்டம்’ என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்து நிற்கிறது. அவன் அதைப் படிக்காமலே விரலால் தள்ளிவிடுவதை என் கண்ணால் பார்த்தேன். அது தமிழில், பெரிய எழுத்தில் வர வேண்டும். பணம் கட்டும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கில் இதுவரை போன மொத்தத் தொகையும் மேலே தெரிய வேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அந்த விவாதம் வந்த அதே இதழில், ‘வீட்டிலிருந்தே ஆப்ஷனில் தினம் 2,000 ரூபாய்’ என்று ஒரு பயிற்சி வகுப்பின் விளம்பரமும் வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் உங்கள் இதழை முதலில் எடுத்துப் புரட்டுவது அவன்தான். தயவுசெய்து அந்த விளம்பரத்தை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.