கல் தளத்தின் வெண்படலத்துக்கு ஆசிட் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்பிள் தளத்தில் கிரவுட் (கற்களுக்கு இடையிலுள்ள இணைப்பை அடைக்கும் கலவை) நிரப்பிய மறுநாள், கல் முழுக்க வெள்ளையாக மங்கிக் கிடப்பதுண்டு. வினிகர் ஊற்றித் தேய், இல்லையென்றால் ஆசிட் கலந்து கழுவு என்பதுதான் பலரும் சொல்லும் யோசனை. பீங்கான் டைல்ஸில் இது ஓரளவு செல்லும். மார்பிள், சுண்ணாம்புக்கல், டிராவர்ட்டைன் மூன்றுக்கும் இது பெருங்கேடு. இவை கால்சியம் கார்பனேட் கற்கள். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு பட்டாலே மேற்பரப்பு அரித்து, மங்கலான வட்டம் விழும். அதைக் கழுவி எடுக்க முடியாது. மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும். கிரானைட் ஆசிட்டைத் தாங்கும் என்பதும் முழு உண்மையல்ல. இரும்புச்சத்துள்ள கிரானைட்டில் துருநிறக் கறை வரலாம், கிரவுட்டிலுள்ள சிமென்ட்டும் கரையும்.

படலம் என்பது கல்லில் காய்ந்து ஒட்டிய சிமென்ட் தூள்தான். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் துணியில் வெள்ளையாக வரும். எவ்வளவு துடைத்தும் துணி சுத்தமாகவே இருந்து, காய்ந்ததும் அதே மங்கல் தெரிந்தால், கல் அரித்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

கிரவுட் இறுக 24 மணி நேரமாவது விடுங்கள். பாக்கெட்டில் கூடுதல் நேரம் போட்டிருந்தால் அதுவே கணக்கு. முதலில் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் நன்றாகத் தேய்த்தாலே பெரும்பகுதி போய்விடும். மீதிக்கு, அமிலமும் காரமும் இல்லாத, கல்லுக்கென்றே விற்கும் திரவத்தை லேபிளில் உள்ள அளவில் வெதுவெதுப்பான நீரில் கலந்து, வெள்ளை நைலான் பேடால் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு மட்டும் தேயுங்கள். பச்சை, கறுப்பு பேடுகள் பாலிஷில் கீறல் போடும். சொரசொரப்பான ஸ்லேட் கல்லுக்கு நைலான் பிரஷ் போதும், கம்பி பிரஷ் கூடாது.

பலரும் தவறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். கலங்கிய நீரைத் தரையிலேயே காயவிட்டால், கரைந்த சிமென்ட் புதுப் படலமாக மறுபடி படியும். உடனே துணியால் ஒற்றி எடுத்து, வேறு வாளி நல்ல நீரால் இரண்டு முறை அலசி, உலரத் துடைத்துவிட்டே அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். வாளி நீர் கலங்கியதுமே மாற்றுங்கள். ஒரே தடவையில் போகாவிட்டால் இதையே திரும்பச் செய்யலாமே தவிர, திரவத்தின் வீரியத்தைக் கூட்டக் கூடாது.

எபாக்சி கிரவுட் என்றால் கதை வேறு. அது பிசின், சிமென்ட் இல்லை. அந்தந்தத் தயாரிப்பாளர் தரும் எபாக்சி நீக்கி கல்லுக்கு ஏற்றதா என்று ஓரத்தில் சோதித்துவிட்டு, தாமதிக்காமல் பயன்படுத்த வேண்டும். நாள் போகப் போக எடுப்பது கடினம்.

இனிமேல்தான் தளம் போடப் போகிறவர்கள், கிரவுட் நிரப்பும் முன்பே கல்லுக்குள் ஊறிக் கறை இறங்காமல் தடுக்கும் சீலர் திரவத்தை அடித்துக் காயவிடச் சொல்லுங்கள். நிரப்பிய 15–20 நிமிடத்தில், ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து, இணைப்புக்கு மூலைவாக்கில் துடைக்கச் சொல்லுங்கள். சொட்டச் சொட்ட ஈரமான ஸ்பாஞ்ச் கிரவுட்டின் சிமென்ட்டையும் நிறத்தையும் இழுத்துக் கல்மேல் பரப்பிவிடும்.

இப்படிக்கு,
கல் தள வேலை செய்யும் வாசகர்கள்